புலாவ் செபாங் வழியாக வாருங்கள்

மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்து, இன்று கிள்ளான், ஷா ஆலாம், பூச்சோங், சிரம்பான், ஜொகூர் பாரு என்று பிழைப்புக்காகக் குடியேறியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு, அலோர் காஜாவிலிருந்து அக்காவின் வணக்கம்.

நேராகவே விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளிக்கோ பள்ளி விடுமுறைக்கோ அம்மா அப்பாவைப் பார்க்க வரும்போது, ஒரு தடவையாவது காரை விட்டுவிட்டு ரயிலேறி வாருங்கள். புலாவ் செபாங்கில் இறங்குங்கள். வரும்போது கையில் சோறு கட்டிக்கொண்டு வாருங்கள். திரும்பும்போது வீட்டில் கட்டிக் கொடுப்பதை வேண்டாமென்று சொல்லாமல் எடுத்துப் போங்கள். முடிந்தால் பெரியவர்களையும் கூடவே ரயிலேற்றி ஒரு நாள் எங்காவது அழைத்துப் போங்கள். கேட்பது இவ்வளவுதான். இதற்கு ஏன் ஒரு மடல் என்றுதான் விளக்க வேண்டியிருக்கிறது.

நீங்கள் இப்போது வந்துபோகும் விதத்தைத் தாமானில் பக்கத்து வீடுகளில் பார்க்கிறேன். பண்டிகைக்கு முதல் நாள் நெடுஞ்சாலை நகராது. சிம்பாங் அம்பாட், ஆயர் குரோ, ஜாசின், எந்த டோலில் இறங்கினாலும் வரிசை. வீடு வந்து சேரும்போது வண்டி ஓட்டிய தம்பிக்கு இடுப்பு நிமிராது. பின் இருக்கையில் பிள்ளைகள் கைப்பேசியைப் பிடித்தபடியே தூங்கியிருப்பார்கள். பாட்டி வாசலுக்கு வந்து, "சாப்பிட்டியாய்யா?" என்பார். மறுநாள் எல்லோரும் மலாக்கா பட்டணத்துக்குப் போவீர்கள். ஜோங்கர் சாலை, செண்டோல், கிளேபாங்கில் தேங்காய் ஷேக். முழங்கால் வலியோடு பாட்டி வீட்டில் இருப்பார். அடுத்த நாள் காலையில் அவர் கேட்கிற கேள்வி, "எப்ப கிளம்புறீங்க?" இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவே நடந்திருக்க வேண்டிய பேச்சு நடக்கவே இல்லை. பாசம் குறைந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. சேர்ந்து சும்மா உட்கார உங்களுக்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை.

தோட்டத்தில் அந்த இடமும் நேரமும் எப்படிக் கிடைத்தன என்று யோசித்துப் பாருங்கள். நம் அப்பா அம்மாவுக்கு ஓய்வு என்பது மழையோடு வந்தது. விடியுமுன் பெரட்டு, பிறகு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கித்தாக் காடு, வெயில் ஏறியதும் பால் எடுப்பு, தோளில் காண்டா வாளி, ஸ்டோரில் பால் நிறுத்தி முடிந்து வீடு வந்தால் உடம்பில் பேசும் தெம்பு மிச்சமிருக்காது. ஆனால் இரவெல்லாம் மழை பெய்து பட்டை நனைந்துவிட்டால், வெட்டிய கோட்டில் பால் ஒழுங்காக ஓடி மங்குக்குள் விழாது. மரத்தின் மேலேயே பரவி வழிந்து வீணாகும். அன்று வெட்டு கிடையாது. நாள் கூலிக் காலத்தில் வெட்டு இல்லையென்றால் சம்பளமும் இல்லை. அப்பாவின் முகம் வானத்தைப் பார்த்தே வாடிப்போகும். ஆனால் நமக்கு அன்றுதான் அப்பா வீட்டில் இருப்பார். அடுப்பில் கித்தா விறகு புகையும். மரவள்ளிக் கிழங்கு அவியும்; தேங்காய்த் துருவலும் சீனியும் ஒரு தட்டில், நெத்திலிச் சம்பல் இன்னொரு தட்டில். அஞ்சடி வீட்டு முன்வாசலில் நாலு குடும்பம் கூடிவிடும். யார் எந்தக் கப்பலில் வந்தார்கள், எந்தக் கங்காணி யாரை எப்படி ஏமாற்றினான், பெரியம்மாவை ஏன் ஈப்போவில் கட்டிக் கொடுத்தார்கள் என்ற கதைகளெல்லாம் நம் காதில் விழுந்தது அந்த நாட்களில்தான். சம்பளமில்லாத நாட்களைக் கொடுத்துத்தான் அவர்கள் நமக்குக் குடும்பக் கதைகளை வாங்கித் தந்தார்கள்.

அந்த வாசல்கள் இன்று இல்லை. 1896-ல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டதுதான் மலாயாவில் வணிகத்துக்காகப் போட்ட முதல் ரப்பர்த் தோட்டம். அடுத்து அவரே புக்கிட் ஆசாகானில் பெரிய அளவில் நட்டார். அப்படி ரப்பருக்குப் பிள்ளையார் சுழி போட்ட மாநிலத்தில் இன்று பெரும்பாலும் செம்பனைதான். பல தோட்டங்கள் வீட்டு மனைகளாகிவிட்டன. கோயிலும் தமிழ்ப்பள்ளியும் நின்ற இடத்திலேயே நிற்க, ஆட்கள் மட்டும் தாமான்களுக்கும் வெளியூர்களுக்கும் போய்விட்டோம். போனதில் தவறொன்றுமில்லை. பிள்ளைகள் படித்து நல்ல வேலைக்குப் போக வேண்டுமென்றுதான் அவர்கள் மரம் வெட்டினார்கள். அந்த வாசலுக்குப் பதிலாக வேறொன்று வேண்டும் என்கிறேன். எனக்குத் தெரிந்தவரை அது ரயில் பெட்டி.

ரயில் நமக்குப் புதிதில்லை. தோட்டத்து ஆட்களுக்கு வெளியூர்ப் பயணம் என்றாலே தம்பின் ஸ்டேஷன்தான். தம்பின் பட்டணம் நெகிரி செம்பிலானில் இருக்கிறது, ஸ்டேஷனோ எல்லைக்கு இந்தப் பக்கம் நம் புலாவ் செபாங்கில்; அதனால்தான் இன்று பலகையில் இரண்டு பெயரும் சேர்ந்தே இருக்கின்றன. தைப்பூசத்துக்குப் பத்துமலை, கல்யாணத்துக்கு ஈப்போ, வேலை தேடி சிங்கப்பூர், எல்லாவற்றுக்கும் அங்கேதான் வண்டி ஏற வேண்டும். தெற்கே போகிற வண்டி தெபோங், பத்தாங் மலாக்காவைக் கடந்து கெமாஸ் போகும். கிழக்குக் கரைப் பாதை பிரிகிற சந்திப்பு என்பதால் வண்டி அங்கே நின்று போகும். கீழே இறங்கித் தே ஓ குடித்துவிட்டு வரலாம். சன்னல் திறந்திருக்கும் காலம் அது. எதிர் இருக்கையில் யார் உட்கார்ந்தாலும், எந்தத் தோட்டம் என்று அம்மா கேட்டுவிடுவார். அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் ஏதாவது ஒரு சொந்தம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அம்மா கட்டும் சோற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களில் பலருக்கு அது தெரியாமலே போய்க்கொண்டிருக்கிறது. பயணத்துக்கு முதல் நாள் மாலையே புளியை ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து, நல்லெண்ணெயில் கடுகு, காய்ந்த மிளகாய், கச்சான், கறிவேப்பிலை தாளித்து, பெருங்காயம் போட்டு, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை கொதிக்கவிடுவார். சோறு விடியற்காலையில்தான் வடிப்பார். வடித்த சோற்றை முறத்தில் பரப்பி ஆறவிடுவார். சூடாகக் கட்டினால் வேர்த்து, மதியத்துக்குள் ஊசிப்போகும். வாழை இலையை நடு நரம்பு சீவி, அடுப்பு அனலில் முன்னும் பின்னும் ஒரு முறை காட்டி எடுப்பார். பச்சை மங்கி, கரும்பச்சையாகப் பளபளக்கும். அப்புறம் எப்படி மடித்தாலும் கிழியாது. அதில் புளிச்சோறு, ஓரத்தில் உருளைக்கிழங்குப் பிரட்டல், அவித்த முட்டையை இரண்டாக வகிர்ந்து மேலே நெத்திலிச் சம்பல். அந்தச் சம்பல் தமிழ்நாட்டுப் புளிச்சோற்றுக்குத் தெரியாதது. பக்கத்துக் கம்பத்து மலாய்க்கார அம்மாக்களிடமிருந்து நம் அடுப்புக்கு வந்தது. வெளியே பழைய தமிழ் நேசன் தாள் சுற்றி, வாழை நாரால் ஒரு கட்டு. ரெம்பாவ் தாண்டும்போதே பிள்ளைகள் கேட்க ஆரம்பிப்போம். சிரம்பான் வந்தால்தான் பொட்டலம் பிரியும். பிரித்தால் பெட்டி முழுக்க மணக்கும். சாப்பாடு கொண்டுவராதவர் யாராவது அருகில் இருந்தால் அவருக்கும் ஒன்று போகும். எப்போதும் ஒரு பொட்டலம் கூடுதலாகத்தான் கட்டுவார்.

இப்படிப்பட்ட பயணம் ஒன்றில்தான், மலாக்கா பட்டணத்துக்கே ஒரு காலத்தில் ரயில் ஓடியது என்று எனக்குத் தெரிந்தது. பெரியத்தை, வாயில் வெற்றிலையோடு, "எங்கப்பா ரயில்லயே மலாக்காவுக்குப் போயிட்டு வருவாரு" என்றார். எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு படித்தபோது தெரிந்தது: தம்பினிலிருந்து மலாக்கா பட்டணத்துக்கு 1905-ல் ஒரு கிளைப் பாதை போட்டிருந்தார்கள். ஜப்பான்காரர்கள் வந்ததும் அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்துச் சயாம்–பர்மா பாதை போடுவதற்குக் கொண்டுபோய்விட்டார்கள். போர் முடிந்த பிறகும் அதை யாரும் திரும்பப் போடவில்லை. சயாமில் பான்போங் தொடங்கி பர்மாவில் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். அதே வேலைக்குத்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களையும் லாரியிலும் சரக்கு ரயிலிலும் ஏற்றிப் போனார்கள். பல்லாயிரம் தமிழர்கள் திரும்பவே இல்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலை வாசித்தவர்களுக்கு அது என்ன வேலை என்று தெரியும். நம் ஊர்த் தண்டவாளமும் நம் ஊர் ஆட்களும் ஒரே காட்டில் போய்ச் சேர்ந்தார்கள். பெரியத்தையின் சித்தப்பா ஒருவரும் அப்படிப் போனவர் என்பதை அந்தப் பயணத்தில்தான் அவர் சொன்னார். வீட்டில் ஒரு நாளும் அவர் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. ஓடுகிற வண்டியில், சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, யாரும் கேட்காமலே சொன்னார். வீட்டுக் கூடத்தில் நேருக்கு நேர் உட்கார்ந்து கேட்டால் வராத பேச்சு, பக்கத்தில் உட்கார்ந்து ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வருகிறது. இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ரயிலை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு முதல் காரணம் இதுதான்.

சாப்பாடும் அப்படித்தான் பேச்சைத் திறக்கிறது. மரவள்ளிக் கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் வருவதற்கு முன் மலாக்காவில் சீனர்கள் போட்டிருந்த பெரிய தோட்டங்கள் மரவள்ளித் தோட்டங்கள்தான். ஜப்பான்காரர் காலத்தில் பர்மா அரிசியும் சயாம் அரிசியும் வருவது குறைந்து, அதே கிழங்குதான் மூன்று வேளையும் என்றானது. அதனால்தான் சில தாத்தாக்கள் கடைசிவரை அதைத் தொடமாட்டேன் என்றிருந்தார்கள். சில பாட்டிகள் அதுதான் எங்களைக் காப்பாற்றியது என்று கும்பிட்டுச் சாப்பிட்டார்கள். உங்கள் வீட்டில் எது நடந்தது? உங்கள் பிள்ளைகள் அந்தக் கிழங்கைச் சீவி எண்ணெயில் பொரித்து உறைப்பு தடவியதைப் பாசார் மாலாமில் பொட்டலமாக வாங்கித் தின்கிறார்கள். அடுத்த முறை அதைப் பாட்டியின் மடியில் வைத்துவிட்டு, பிள்ளையை அருகில் உட்காரச் சொல்லுங்கள். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

நம் மாநிலத்திலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. காஜா பேராங்கில் மலாக்காச் செட்டிகள் இருக்கிறார்கள். சுல்தான்கள் காலத்தில் வணிகத்துக்கு வந்த தமிழர்களின் வழி வந்தவர்கள். 1781-ல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அவர்கள் வழி வந்தது. வீட்டில் அவர்கள் பேசுவது மலாய்தான். தமிழ் கைவிட்டுப் போய்ப் பல தலைமுறை ஆகிவிட்டது. ஆனால் இன்றும் போகியன்று முன்னோருக்கு வாழை இலை போட்டு, அவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கிறார்கள். பழக் காலத்தில் இன்னொரு படையல் உண்டு. பேச்சு மாறிப்போன பிறகும், இன்னாருக்கு இந்தக் குழம்பு பிடிக்கும் என்ற நினைவு அடுப்படி வழியாகவே இத்தனை காலம் வந்திருக்கிறது. நம் நிலைமை எதிர்ப்பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறதோ என்று எனக்குக் கவலை. தமிழ் இருக்கிறது, பள்ளி இருக்கிறது, கோயில் திருவிழா இருக்கிறது. தாத்தாவுக்கு என்ன பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று கேட்டால் பேரப்பிள்ளைக்குச் சொல்லத் தெரியவில்லை.

சரி, ரயிலுக்கு வருவோம். முன்பு இருந்த சிரமம் இப்போது இல்லை. சிரம்பானிலிருந்து கெமாஸ் வரை இரட்டைப் பாதை போட்டு மின்சாரம் வந்து பல வருடமாகிறது. 2015 முதல் கொமுட்டர் புலாவ் செபாங் வரை வருகிறது. அதே வண்டி மறுமுனையில் பத்துமலை வாசலிலேயே போய் நிற்கிறது. முற்காலத்தில் கோலாலம்பூரில் இறங்கி பஸ் மாறி, கூட்டத்தில் பிள்ளைகளைத் தேடி அலைந்த அம்மாக்களுக்கு இது கனவில்கூடக் கிடைக்காத வசதி. அண்மை ஆண்டுகளில் தைப்பூச நாட்களில் கொமுட்டர் இலவசமாகவும் ஓடியிருக்கிறது. எல்லா வண்டியும் புலாவ் செபாங் வரை வராது. நேரம் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். கொமுட்டர் பெட்டிக்குள் சாப்பிட அனுமதியில்லை. அதனால் பொட்டலத்தை ஸ்டேஷன் பெஞ்சில் பிரியுங்கள், அல்லது பத்துமலையில் இறங்கிப் பிரியுங்கள். சீக்கிரம் வர வேண்டுமென்றால் இடிஎஸ் இருக்கிறது. ஜொகூர்த் தம்பிகளுக்கு 2025 டிசம்பரில் ஜொகூர் பாரு வரையே இடிஎஸ் வந்துவிட்டது. குளுவாங், சிகாமட் வழியாக நேரே நம் ஸ்டேஷன். மூத்த குடிமக்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. அப்பாவின் அடையாள அட்டையை மறக்காதீர்கள்.

ஒரு குறை இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஸ்டேஷனிலிருந்து மலாக்கா பட்டணம் முப்பது கிலோமீட்டருக்கு மேல். ஜாசின், மெர்லிமாவ், செர்காம் ஆட்களுக்கு இன்னும் தூரம். மலாக்கா சென்ட்ரலுக்குப் பஸ் உண்டு என்றாலும் மூட்டை முடிச்சோடும் கைக்குழந்தையோடும் அது சிரமம்தான். கோலாலம்பூர்–சிங்கப்பூர் அதிவேக ரயில் ஆயர் குரோவில் நிற்கும் என்று ஆசை காட்டினார்கள். 2021 பிறக்கும்போது அந்த ஒப்பந்தமே முடிந்துபோனது. 1905-ல் இருந்த வசதி மலாக்கா பட்டணத்துக்கு இன்று இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். நம் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் தலைவர்களைப் பார்க்கும்போது மண்டபத்துக்கும் கூரைக்கும் மானியம் கேட்கிறார்கள், கேட்கட்டும். கூடவே, ரயில் வரும் நேரத்துக்கு ஸ்டேஷனிலிருந்து அலோர் காஜா, மலாக்கா, ஜாசினுக்கு ஒழுங்கான பஸ் வேண்டும் என்றும் கேட்கலாம். கார் ஓட்ட முடியாத வயதானவர்கள் நம்மில் கூடிக்கொண்டே போகிறார்கள். வீட்டில் அடைந்து கிடப்பவர்களுக்கு அந்த பஸ்தான் கால்.

அம்மா அப்பா இல்லாதவர்கள் இதைப் படித்து மனம் நோகக் கூடாது. உங்களுக்கும் இங்கே வேலை இருக்கிறது. செங் சன்னாசிமலை மாசிமகத்துக்கு வாருங்கள், உங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு வாருங்கள். அன்னதானப் பந்தியில் உங்கள் அம்மாவோடு நிரை பிடித்து மரம் வெட்டிய யாராவது ஒருவர் கட்டாயம் இருப்பார். இன்னார் பிள்ளை என்று சொன்னால் போதும், கையைப் பிடித்து உட்கார வைத்துவிடுவார். உங்கள் அம்மா உங்களிடம் சொல்லாத ஒன்றை அவர் சொல்லக்கூடும். உங்கள் பிள்ளைகளை அருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள். காடேக் வெந்நீர் ஊற்று, ஆசாகான் நீர்வீழ்ச்சி, பெங்காலான் பாலாக் கடற்கரை என்று மாலையில் அவர்கள் விளையாடப் போக இடம் நிறைய இருக்கிறது. முதலில் பந்தி.

பிள்ளைகளுக்குச் சலிக்குமே என்று ஒரு தங்கை கேட்டாள். முதல் அரை மணி நேரம் சலிக்கும். கைப்பேசியைப் பிடுங்க வேண்டாம். பாட்டியின் புளிக்காய்ச்சல் செய்முறையை அதிலேயே பதிவு செய்யச் சொல்லுங்கள். அளவு கேட்டால் பாட்டி, "கண் அளவுதான்" என்பார். விடாமல், எந்தக் கரண்டி, எத்தனை கரண்டி என்று கேட்கச் சொல்லுங்கள். கேட்டுக்கொண்டே இருந்தால் கரண்டி எங்கே வாங்கியது என்ற கதை வரும், அதைக் கொண்டுவந்து விற்ற சீனத் தவுக்கேயின் கதை வரும், அவருக்குக் கடன் பாக்கி வைத்த தாத்தாவின் கதை வரும்.

பண்டிகை நாட்களுக்கு இடிஎஸ் டிக்கெட் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. விற்பனை திறந்ததுமே போட்டுவிடுங்கள். எந்த வண்டி, எத்தனை பேர் என்று இங்கே வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கூட்டிவர ஆளில்லாதவர்கள் நம் கோயில் புலனக் குழுவில் ஒரு வரி போட்டால் போதும். புலாவ் செபாங்குக்குக் கார் எடுத்து வர எங்கள் தாமானில் நாலைந்து அண்ணன்மார் தயாராக இருக்கிறார்கள்.

அன்புடன்,
அலோர் காஜா அக்கா